குன்றேறாக் குறிஞ்சி

குறிஞ்சித் திணையின் கருப்பொருள் யாது என்று வினவினால், இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் தட்டுத் தடுமாறாமல் விடை கூறுகிறான். தெய்வம் முருகன்; உணவு தினை; பறை தொண்டகம்; புள் கிளியும் மயிலும்; மரம் வேங்கை; மக்கள் குறவர். முதற்பொருளைக் கேட்டால், மலையும் மலை சார்ந்த இடமும் என்று தொடங்கி, கூதிர், முன்பனி, யாமம் என்று பொழுதுகளையும் அடுக்கி முடிக்கிறான். விடைத்தாளில் ஒரு மதிப்பெண்ணும் குறைவதில்லை. அதே மாணவனிடம், "நீ ஏறிய மலை எது?" என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறான். மலையைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம் அச்செழுத்து. மலையின் மண் அவன் காலில் ஒரு நாளும் ஒட்டியதில்லை.

இந்தக் குறை மாணவனுடையதன்று. ஏழு வயதில் அவன் கையைப் பிடித்து ஒரு குன்றின் உச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர் அழைத்துச் செல்லவில்லை. அழைத்துச் செல்ல முன்வந்த ஒரு சிலரையும் ஊரும் உறவும் ஏசித் தடுத்தன. "பச்சைப் பிள்ளையைக் காட்டுக்கு இழுத்துப் போகிறானே, இவனுக்கு என்ன பைத்தியமா?" என்பது தமிழ் இல்லங்களில் சட்டம் போல் நிலைத்துவிட்ட வாசகம். அந்த வாசகம் எவ்வளவு பொருளற்றது என்பதையும், அதனால் தமிழ்க் கல்விக்கு நேர்ந்துள்ள கேடு எத்தகையது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை எட்டாத் தொலைவில் இருந்தால் இப்பேச்சுக்கே இடமில்லை. மலாக்கா மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய சிம்பாங் அம்பாட் என்னும் சிற்றூரை எடுத்துக் கொள்வோம். நாற்சந்தி என்பதே அப்பெயரின் பொருள். நெடுஞ்சாலையில் செல்வோர் அதைச் சுங்கச்சாவடியின் பெயராக மட்டும் அறிவர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. அங்கிருந்து நெகிரி செம்பிலான் எல்லையைக் கடந்து ரெம்பாவ் பக்கம் சென்றால், பாத்தாங் ஞாமோர் என்னும் மலாய்க் கம்பத்தின் அருகே குனோங் டத்தோ மலையின் அடிவாரம். அதன் உயரம் 884 மீட்டர். பெரியவர் ஒருவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். உச்சியில் பெரும் பாறைகள். அவற்றின்மீது ஏற இரும்பு ஏணிகள். வானம் தெளிந்திருந்தால் மேற்கே மலாக்கா நீரிணை வரை கண்ணுக்குத் தெரியும். காலையில் ஏறி மாலைக்குள் வீடு திரும்பலாம். கிழக்கே ஜொகூர் எல்லையில் குனோங் லேடாங் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இளவரசியின் கதையால் புகழ்பெற்ற மலை அது.

வார இறுதிகளில் இம்மலைப் பாதைகளில் மலாய்க் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் பிள்ளைகளோடு ஏறுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் அறவே இல்லை என்பதற்கில்லை. உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. எஞ்சிய பிள்ளைகள் எங்கே? சனிக்கிழமை காலை அவர்கள் மேலதிக வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்தபின் கைப்பேசியின் முன் குனிந்திருக்கிறார்கள்.

மலைக்கு எதிராகப் பெற்றோர் கூறும் காரணங்கள் சில உள. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஆராய்தல் தகும்.

முதற்காரணம் தேர்வு. "படிக்கிற பிள்ளைக்கு மலை எதற்கு? அந்த நேரத்தில் இரண்டு பயிற்சி நூல்களை முடிக்கலாமே" என்பர். ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆட்டிப் படைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத் தேர்வும் அதற்கு அடுத்த ஆண்டே நீங்கியது. தேர்வு போனது; தேர்வு அச்சம் போகவில்லை. நோய் தீர்ந்த பின்னும் மருந்தை விடாதவனைப் போல, இல்லாத தேர்வுக்குப் பிள்ளைகள் இன்னும் ஆயத்தம் செய்யப்படுகிறார்கள்.

மலைநடை படிப்பைக் கெடுக்கும் என்னும் கூற்றே தவறானது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிட்டப்பார்வைக் குறை பெருகுவதைக் கண்டு கவலையுற்ற தைவான், 2010ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளி மாணவரை நாள்தோறும் 120 நிமிடம் வகுப்பறைக்கு வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கிப் பயன் கண்டது. படிப்பில் தைவானியர் பின்தங்கியவர் என்று எவரும் கூறார். பிள்ளையை நான்கு சுவருக்குள் அடைத்தால் அறிவு பெருகும் என்பது எந்த அறிவியலும் ஏற்காத நம்பிக்கை.

தமிழாசிரியர் அறிந்தே கண்மூடி இருக்கும் பொய் ஒன்றும் இங்கே உண்டு. அதுதான் மாதிரிக் கட்டுரை. 'நான் சென்ற மலையேற்றம்' என்று தலைப்புக் கொடுத்தால், முப்பது மாணவரும் முப்பது தாள்களில் ஒரே மலையை ஏறுகிறார்கள். கதிரவன் பொற்கதிர் பரப்புகிறான். புள்ளினம் இன்னிசை பாடுகிறது. தென்றல் மேனியைத் தழுவுகிறது. ஒரு சிலர் மலாக்காவின் அருகிலேயே பனி மூடிய சிகரத்தையும் கண்டுவிடுகிறார்கள்! எவர் காலிலும் அட்டை கடிப்பதில்லை. எவருக்கும் முட்டி வலிப்பதில்லை. எவரும் சேற்றில் வழுக்கி விழுவதில்லை. மலைக்குச் சென்ற பிள்ளை அந்த அட்டையைத்தான் முதலில் எழுதும். அந்த ஒரு வரி, பொற்கதிர் பரப்பும் பத்து வரிகளினும் சிறந்த தமிழ். காணாததைக் கண்டதாக எழுதப் பத்து வயதிலேயே பழக்கிவிட்டு, இளைய தலைமுறையில் எழுத்தாளர் தோன்றவில்லையே என்று மாநாடுதோறும் வருந்துவது என்ன நியாயம்?

சொல் பொருளிலிருந்து பிறப்பது. மலை, குன்று, வரை, சிலம்பு, அடுக்கம், சாரல், அருவி, சுனை, விடர், முழை என்று மலையைச் சுற்றியே பழந்தமிழர் எத்தனை சொற்களைப் படைத்தனர்! அவை அகராதியை நிரப்புவதற்காகப் பிறந்தவை அல்ல. நடந்தவன் கண்ட வேறுபாடுகள். சுனைக்கும் அருவிக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்க அரைமணி நேரம் ஆகும். தேங்கி நிற்கும் நீரையும் பாய்ந்து விழும் நீரையும் பிள்ளைக்குக் காட்டி இரு சொல்லைக் கூற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அதன் ஆயுள் முழுதும் நிற்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறினார். பிரகத்தன் என்னும் ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது அந்நூல் என்பது மரபு. தமிழ் அறியாத ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்கப் புலவர் தேர்ந்த இடம் மலை என்பதைத் தமிழ் கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலாக்காவிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கையறிஞர் மலாக்காவுக்கு வந்தார். அங்கிருந்து, அந்நாளில் ஓபிர் மலை எனப்பட்ட குனோங் லேடாங்கில் ஏறினார். நீர் கிடைக்காமல் தாகம் வாட்டியபோது, குடுவை வடிவ இலைகளையுடைய செடிகளில் தேங்கிய நீரை, பூச்சிகள் மிதந்த போதிலும், பருகியதைத் தம் நூலில் பதிந்து வைத்தார். அரிய பெரணி வகைகளையும் உச்சியின் உயரத்தையும் குறித்துக் கொண்டார். 1869இல் வெளிவந்த அவருடைய 'மலாய்த் தீவுக்கூட்டம்' உலகப் புகழ் பெற்றது. கடல் பல கடந்து வந்த ஒருவருக்கு அம்மலை நூலாயிற்று. அதன் நிழலில் பிறந்து வளரும் பிள்ளைக்கோ அது பேருந்துச் சன்னலில் தோன்றி மறையும் நீலக்கோடாகவே நின்றுவிடுகிறது.

இரண்டாம் காரணம் ஆபத்து. பாம்பு, பூரான், மின்னல், வழிதவறல் என்று பட்டியல் நீளும். ஆபத்து இல்லையென்று கூறுவோர் பொய்யர். ஆனால் ஆபத்து உள்ள இடத்திற்குச் செல்லாதே என்பது ஒரு நெறி. ஆபத்தை அறிந்து நடந்து கொள் என்பது மற்றொரு நெறி. பழந்தமிழர் இரண்டாம் நெறியினர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் ஆற்றுப்படை அது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு உறையும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள் வரும், ஒதுங்குங்கள். பாசி படர்ந்த பாறை வழுக்கும், பற்றிக்கொண்டு செல்லுங்கள் என்று பெருங்கௌசிகனார் அக்கறையோடு எச்சரிக்கிறார். இத்தனை எச்சரிக்கையும் எதற்காக? போகாதே என்பதற்காக அன்று, போய்வா என்பதற்காக. இன்றைய மலையேற்ற வழிகாட்டி நூல்கள் கூறுவதைத் தமிழ்ப்புலவர் ஒருவர் அன்றே கூறியிருக்கிறார். அந்நூலைப் பெருமையோடு பாடம் நடத்திவிட்டு, மலைக்குப் போகும் தந்தையைப் பழிப்பது முரண் அன்றோ?

பெருங்கௌசிகனார் காட்டிய நெறியிலே இன்றைய பெற்றோரும் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. ஆகவே விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குவது அறிவுடைமை. மலையுச்சியில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் திடீர் வெள்ளமாக வரும். மலாய்க்காரர் கெப்பாலா ஆயர் என்று அஞ்சும் பெருக்கு இதுவே. ஆற்றுநீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அக்கணமே கரையேற வேண்டும். வனக் காப்புப் பகுதிக்குள் நுழைய முன்அனுமதி பெறுவது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின்படி கட்டாயம். அதைப் பெற்று, அடிவாரத்தில் பெயரைப் பதிந்து செல்ல வேண்டும். போதிய குடிநீர், முழுக்கால் உடை, வழுக்காத காலணி, பிள்ளையின் கழுத்தில் ஓர் ஊதல், வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்னும் பாடம், இவ்வளவும் இருந்தால் அச்சத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். எஞ்சிய சிறுபகுதி நன்மையே செய்யும். சிறிதும் அஞ்சாதவன் கவனமாக நடப்பதில்லை.

ஏழு வயதுப் பிள்ளையின் கால் தாங்குமா என்று கேட்பர். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் கைக்குழந்தையோடு ஏறும் சமுதாயம் கேட்கத்தக்க கேள்வியா இது? மலாக்காவிலேயே மாசிமகத்தின்போது நகரிலிருந்து தேர் புறப்பட்டுச் செங் வட்டாரத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்கிறது. பிள்ளை குட்டிகளோடு அடியார் நடக்கிறார்கள். நேர்த்திக்கடன் என்றால் பிள்ளையின் கால் தாங்குகிறது. கல்வி என்றால் வலிக்கிறது போலும்! உண்மையில், தொடக்கத்திலேயே 884 மீட்டர் ஏற வேண்டியதில்லை. முதலில் சன்னாசிமலை போன்ற சிறு குன்று. பிறகு ஒரு மணி நேரம் ஏறி இறங்கும் மேடு. பிறகு குனோங் டத்தோவின் பாதியளவு. பிள்ளை வளர்ந்து, தானே கேட்கும் காலத்தில் உச்சி. குனோங் லேடாங் போன்ற கடுமலை வழிகாட்டியோடு பெரிய பிள்ளைகள் செல்வதற்குரியது. படிப்படியாகக் கற்பிப்பதே கல்வி என்பது ஆசிரியர் அறியாததன்று.

மூன்றாம் காரணம் மற்றவற்றைவிடக் கனமானது. மதிப்போடு அணுகத்தக்கது. "காட்டிலும் மேட்டிலும் எங்கள் தாத்தா பாட்டி பட்டது போதாதா? பிள்ளையாவது நிழலில் இருக்கட்டும்" என்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இச்சொல்லில் வலி இருக்கிறது. மலாயாவின் காடுகளை அழித்து ரப்பர் நட்டவர்களுள் பெரும் பங்கினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, விளக்கு வெளிச்சத்தில் மரம் வெட்டி, மழையென்றால் கூலியிழந்து வாழ்ந்தவர்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடந்தது. வளர்ந்த பிள்ளை பெற்றோரோடு மேட்டில் ஏறிக் கோப்பைப் பால் எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு மலைநடை என்பது விளையாட்டன்று, வயிற்றுப்பாடு. மேட்டைக் கண்டாலே சலிப்புத் தோன்றுவது அத்தலைமுறைக்கு இயல்பு. அதைக் குறை கூறுவோர் நன்றி கொன்றவர்.

ஆனால் அந்தத் தாத்தா பாட்டியிடம் வறுமை மட்டுமா இருந்தது? எந்தக் கொடி அரிக்கும், எந்தக் கீரை உண்ணத் தகும், எந்த மேகம் பெய்யும், எந்த ஒலி பாம்பைக் கண்ட பறவையினுடையது என்னும் அறிவும் இருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. லயத்து வீட்டோடு வறுமையை விட்டு வந்தது சரி. அந்த அறிவையும் சேர்த்து விட்டு வந்தது சரியா? பேரனைக் காட்டின் வாயிலுக்கே செல்ல விடாமல் காப்பது தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கூலிக்காக அவர் ஏறிய மேட்டில், கூலியின்றி, அச்சமின்றி, தலைநிமிர்ந்து பேரன் ஏறட்டும். அதுவே விடுதலையின் அடையாளம்.

இதற்கு மேலும் ஒரு சான்று வேண்டுமாயின், 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாளை நினைவு கூரலாம். எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடி பறந்த நாள் அது. அதை அங்கே கொண்டு சென்றவர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் இருவர். இருவரும் இந்நாட்டுத் தமிழர். மேடையில் அவர்கள் பெயரைக் கூறிக் கைதட்டுவது எளிது. அவர்களைப் போல் நடக்கத் தொடங்கும் ஏழு வயதுப் பிள்ளையை "ஒழுங்காக வீட்டில் உட்கார்" என்று அடக்குவோருக்கு அந்தக் கைதட்டலில் பங்கில்லை.

நான்காம் காரணம் பெண் பிள்ளை. "பையன் என்றால் பரவாயில்லை" என்று ஈற்றில் ஒரு வாலை ஒட்டுவர். பறம்பு மலையில் வளர்ந்தவர்கள் பாரியின் மகளிர். பின்னாளில் வேற்றூர்ச் சிறு வீட்டருகே, மேட்டின்மீது ஏறி உப்பு வண்டிகளை எண்ணிக் கொண்டிருந்த அவர்களைக் கண்டு, மலையுச்சியில் ஏறிப் பகைவரின் குதிரைகளை எண்ணியவர்கள் அல்லரோ இவர்கள் என்று கபிலர் உள்ளம் உடைந்து பாடியதைப் புறநானூறு காட்டும். பகைப்படை சூழ்ந்த மலையிலும் பெண் மக்களை உள்ளே பூட்டி வைக்கவில்லை பாரி. அம்மகளிர் இயற்றிய பாடலும் அதே நூலில் நின்று நிலவுகிறது. மலையில் வளர்ந்த மகளிரின் கையிலிருந்து அத்தகைய பாட்டுப் பிறந்ததைத் தமிழ்ப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

ஐந்தாம் காரணம் நேரமும் பணமும். இதில் உண்மை மிகுதி. தொழிற்சாலையில் மாற்று வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமையும் மிகுநேரம் பார்த்து, வீட்டுக் கடனைக் கட்டும் தந்தையை நோக்கி "மலைக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்பது அறமன்று. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளைக் காக்கும் தாயை நோக்கியும் அவ்வாறு கேட்கக் கூடாது. அவர்களுக்காகச் செய்ய வேண்டிய கடமை பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் கோயில் நிர்வாகத்திற்கும் எழுத்தாளர் சங்கத்திற்கும் உண்டு. பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பகுதி போதும். ஒரு பேருந்தில் இருபது குடும்பங்கள் போய்வரலாம். ஆனால் பள்ளியே பிள்ளைகளை அழைத்துச் சென்றால் போதும் என்று கருதிவிடக் கூடாது. நாற்பது பிள்ளைகளை வரிசையில் நடத்தும் ஆசிரியர் தலைகளை எண்ணுவாரா, மரத்தைக் காட்டுவாரா? ஒரு பெற்றோர், ஒரு பிள்ளை என்று இணைத்து அனுப்புவதே சிறந்த முறை. அதன் காரணம் மலையினும் பெரிது.

அக்காரணம் மொழி. தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளையும் வீட்டில் எவ்வளவு நேரம் தந்தையோடு தமிழில் பேசுகிறது? சாப்பிட்டாயா, குளித்தாயா, பாடம் எழுதினாயா என்னும் மூன்று வினாக்களோடு பல வீடுகளில் உரையாடல் முடிகிறது. எஞ்சிய பொழுதைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேற்று மொழிகளில் நிரப்பிவிடுகின்றன. தமிழ்ப்பள்ளியைக் காக்கக் கூட்டம் போடுவோர், தமிழ்ப் பேச்சு வீட்டில் மெலிந்து வருவதைக் கவனிப்பதில்லை. வினா, விடை, விளக்கம், மறுப்பு, கதை என்று ஒரு மொழி தன் முழு உருவோடு பிள்ளையின் செவியில் விழ வேண்டுமானால், இருவர் வேறு வேலையின்றி நெடுநேரம் சேர்ந்திருக்க வேண்டும். மலை அதைத் தருகிறது. உள்காட்டில் கைப்பேசி அலை மங்குகிறது. "அப்பா, இந்த வேர் ஏன் மண்ணுக்கு மேலே கிடக்கிறது?" என்று பிள்ளை கேட்கிறது. "அந்த ஓசை எங்கிருந்து வருகிறது?" என்கிறது. "சிள்வண்டு, ஐயா, மரத்தோடு மரமாய் ஒட்டியிருக்கும், தேடிப் பார்" என்று தந்தை கூறுகிறார். பெயர் தெரியாத மரத்திற்கு இருவரும் சேர்ந்து பெயர் வைக்கிறார்கள். களைத்து அமர்ந்தால், தாத்தா பால்மரம் வெட்டிய கதை வருகிறது. ஆறு மணி நேரம் தமிழ் தடையின்றி ஓடுகிறது. எந்தப் பயிற்சி நூல் இதைத் தரும்? எந்த மேலதிக வகுப்பு இதை விற்கும்?

இவ்விடத்தில், மலைக்குச் செல்லும் பெற்றோருள்ளும் சிலரைக் கண்டிக்காமல் விடலாகாது. உச்சியில் நின்று படம் எடுப்பதே குறியாய், அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏறுவோர் உளர். என் பிள்ளை இத்தனை வயதில் இத்தனை மலை ஏறியது என்று எண்ணிக்கை காட்டுவோரும் உளர். இவர்கள் மேலதிக வகுப்பை மலைமேல் கொண்டுபோய் வைத்தவர்கள். மதிப்பெண் வேட்டைக்கும் சிகர வேட்டைக்கும் வேறுபாடில்லை. பிள்ளையின் நடையே பயணத்தின் நடை. பிள்ளை எறும்பு வரிசையைப் பார்த்து அரைமணி நேரம் அமர்ந்தால், அன்றைய மலை அந்த எறும்பு வரிசைதான். பாதி வழியில் திரும்பினால் தோல்வி இல்லை. மழை கண்டு திரும்பும் தந்தை பிள்ளைக்குக் கற்பிப்பது, பெருமைக்காக உயிரைப் பணயம் வைக்காதே என்னும் உயர்ந்த பாடம். சென்ற இடத்தில் உணவுப்பொதியின் நெகிழிப் பையைக்கூட எறியாமல் எடுத்து வருவது இன்னொரு பாடம்.

நடந்த மண்ணைத்தான் மனிதன் தன் மண் என்று கருதுவான். மலாக்கா நகரின் நடுவே புக்கிட் சீனா என்னும் குன்று உள்ளது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கல்லறைகள் நிறைந்த இடம். 1984ஆம் ஆண்டில் அக்குன்றை வெட்டிச் சமன்செய்து கட்டடம் எழுப்பும் திட்டம் எழுந்தபோது, சீன சமுதாயம் ஒன்றுதிரண்டு எதிர்த்துக் காத்தது. இன்றும் காலை மாலை அங்கே மக்கள் நடக்கிறார்கள். முன்னோரின் நினைவும் மக்களின் காலடியும் சேர்ந்த இடம் எளிதில் பறிபோவதில்லை. தமிழர் உழைப்பால் திருத்தப்பட்ட நிலப்பரப்பு இந்நாட்டில் கொஞ்சமா? ஆனால் அந்நிலத்தின் மேடும் ஓடையும் மரமும் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்கிறது. பெயர் அறியாததைக் காப்பதற்கு எவரும் குரல் கொடுக்க மாட்டார்கள்.

ஆசிரியர்க்கு இதில் நேரடிக் கடமை உண்டு. அடுத்த முறை 'மலையேற்றம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்குமுன், வகுப்பில் எத்தனை பேர் மலை ஏறியவர் என்று கேட்கட்டும். ஒருவரும் இல்லையெனில், அத்தலைப்பை ஒத்தி வைத்துவிட்டுப் பெற்றோர்க்கு ஒரு கடிதம் அனுப்பட்டும். போய்வந்த பிள்ளை எழுதும் ஐந்து கோணல் வரிகளுக்கு, மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதிய இரண்டு பக்கங்களைக் காட்டிலும் மிகுந்த மதிப்பெண் வழங்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞரும், வருங்காலத்தில் குறிஞ்சிப் பாடம் நடத்துமுன் ஒரு குன்றையேனும் தம் காலால் அளந்திருக்க வேண்டும்.

பெற்றோர்க்குக் கூற வேண்டியது சுருக்கமானது. பிள்ளை தந்தையின் கையைப் பிடித்து நடக்க விரும்பும் பருவம் மிகக் குறுகியது. பன்னிரண்டு வயதுக்குமேல் அது தோழரோடு நடக்கவே விரும்பும். அதன்பின் எந்த மலைக்கு அழைத்தாலும் அது வராது. எந்தச் சொல்லைக் கற்பித்தாலும் அத்தனை ஆழமாகப் பதியாது. பயிற்சி நூல் அடுத்த சனிக்கிழமையும் கடையில் கிடைக்கும். ஏழு வயது மீண்டும் கிடைக்காது. நீர்ப்புட்டியை நிரப்புங்கள், முன்அனுமதி பெறுங்கள், விடியலில் புறப்படுங்கள். குறிஞ்சி மதிப்பெண்ணுக்குரிய சொல்லாக மட்டும் இருப்பதும், பிள்ளையின் காலடியில் மண்ணாகவும் நாவில் மொழியாகவும் வாழ்வதும் அவரவர் எடுத்து வைக்கும் முதல் அடியைப் பொறுத்தது.